அப்பா கழுத்தில் தவறிய ஊசி

அன்புள்ள சிட்டு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று ஒரே வரியில் எழுத இந்த முறை கை வரவில்லை. போன வாரம் போனில் அப்பா குரல் கம்மியிருந்ததே, சளி என்றோமே, அது பொய். டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, அது சரியாகும்வரை கழுத்து வழியாக டியூப் போட வேண்டும் என்றார்கள். சிரைக்குள் போக வேண்டிய ஊசி பக்கத்தில் ஓடும் தமனியில் குத்திவிட்டது. ரத்தம் பீறிட்டு, கழுத்து ஒரு பக்கம் பந்து மாதிரி வீங்கிவிட்டது. டியூப் போட்ட டாக்டரம்மா அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி அரை மணி நேரம் அசையாமல் நின்றாராம். வெளியே வந்ததும் எதையும் மழுப்பாமல், "என் ஊசிதாம்மா தப்பான இடத்துல பட்டுடுச்சு" என்றார். நான் வராந்தா என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

இரண்டு நாள் அப்பாவால் எச்சில் விழுங்க முடியவில்லை. டயாலிசிஸும் தள்ளிப்போனதால் உடம்பில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே தூங்கினார். அப்போதும் குறும்பு போகவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா சலூன்ல எத்தனை கழுத்துல கத்தி வெச்சிருக்கேன், ஒரு கீறல் விழல, என் கழுத்துக்குத்தான் இந்தக் கதி" என்று நர்ஸைச் சிரிக்கவைத்தார். மூன்றாம் நாள் கழுத்தின் மறுபக்கம் டியூப் போட வேண்டும், பெரிய டாக்டர் வருவார் என்றார்கள். அப்பாவோ, "அந்தம்மாவே போடட்டும், பெரியவர் பக்கத்துல நிக்கட்டும்" என்றாரே பார்க்கலாம். உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கத்தினேன். மெதுவாகச் சொன்னார்: "கடை போட்ட புதுசுல ஒருத்தர் காதைக் கிழிச்சுட்டேன், ஏழு தையல். அடுத்த மாசம் அந்த மனுஷன் திரும்பி வந்து என் நாற்காலியில உக்காரலன்னா அன்னைக்கே கடையை மூடியிருப்பேன்." இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாத கதை. இந்த முறை ஸ்கேன் மெஷினில் பார்த்துக்கொண்டே போட்டார்கள், சரியாக அமைந்தது. டாக்டரம்மா கை நடுங்கியதா என்று அப்பாவிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன், தெரியாது என்றார்.

இப்போது டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறது. ரத்தம் கட்டிய நீலம் மார்புவரை இறங்கியிருக்கிறது, வீடியோவில் பார்த்தால் அழாதே, அவர் தாங்கமாட்டார். டிக்கெட் போடவும் ஓடாதே. மறக்காமல் பிரஷர் பார்த்துக்கொள், அப்பா அதை அலட்சியம் பண்ணித்தான் இந்த நிலைக்கு வந்தார். நாளை மறுபடி டயாலிசிஸ். அந்த டாக்டரம்மாவிடம் நானே போய்ப் பேச வேண்டும். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

நோய் நொடி அண்டாமல் இருவரும் நிறைவாக வாழுங்கள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா