மூடியில் வைத்த பொட்டு

திருப்பரங்குன்றம்,
15.10.2024

அன்பு முனீஸுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால் உன் அப்பா செருப்பைக் கழற்றுகிறார். வேறு வழி தெரியாமல் தபாலில் போடுகிறேன். குமரன் கண் திறந்தானா? அதை மட்டும் எழுது, போதும். நானும் அவனும் பட்டறையில் கையாலேயே கட்டிய அந்தச் சின்ன விமானத்தில் நான் அடித்த ஒவ்வொரு ரிவெட் ஆணிக்கும் எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்தவன் உன் தம்பி.

விஜயதசமியன்று மேலே போனதும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "மச்சான், கப்பலூர் ரோட்டுல லாரியெல்லாம் எம்புட்டுச் சின்னதாப் போகுது பாருங்க" என்று பின்சீட்டில் சிரித்துக்கொண்டு வந்தான். திருமங்கலம் தாண்டியதும் இன்ஜின் இருமியது. என்னென்னவோ செய்து பார்த்தேன். நின்றேவிட்டது. அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

தண்ணீரில்லாத கண்மாய் ஒன்று தெரிந்தது. அதற்குள் இறக்கினேன். நன்றாகத்தான் இறக்கினேன் முனீஸ். கடைசியில் ஒரு கருவேலங்கட்டையில் சக்கரம் மோதிக் கவிழ்ந்து, அவன் பக்கம் நொறுங்கிப்போனது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன்,
மருது


கோச்சடை,
18.10.2024

என்னங்க,

அன்புள்ள என்று எழுத வரவில்லை. குமரன் இன்னும் கண் திறக்கவில்லை. வாயில் குழாய். அம்மா பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாள்.

"மச்சான்கூடத்தானடா போற, போயிட்டு வா" என்று அவனை ஏற்றிவிட்டவளே நான்தான். ஆயுத பூஜை போட்டு, இறக்கையிலிருந்து வால் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித்தானே அனுப்பினேன்? எந்தச் சாமி பார்த்தது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்ஜின் ஏன் நின்றது? உங்கள் கைவேலையில் தப்பா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். உங்களை நம்பித் தம்பியை அனுப்பியவளுக்கு அதைக்கூடச் சொல்ல மாட்டீர்களா?

முனீஸ்வரி


திருப்பரங்குன்றம்,
21.10.2024

முனீஸ்,

ஆமாம். தப்பு என்னுடையதுதான். பெட்ரோல் குழாயை நான் ஒழுங்காக முடுக்கவில்லை. எத்தனையோ வண்டிக்கு ரிப்பேர் பார்த்தவன், இதில் கோட்டை விட்டுவிட்டேன்.

பூஜையில் ஒரு குறையும் இல்லை. உன்மேல் துளிக் குற்றமும் இல்லை. இதை மட்டும் மறந்துவிடாதே. வேறு எதுவும் கேட்காதே. சாப்பிடு.

மருது


திருப்பரங்குன்றம்,
30.10.2024

என்னங்க,

இந்தக் கடிதத்தை ஜெயிலுக்கு அனுப்பும்படி ஆகிவிட்டதே. உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பா அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான். உங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டு என் வயிறு குளிர்ந்தது. அப்படிப்பட்ட பாவி நான்.

குமரன் கண் திறந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. "மச்சான் எங்க?" என்றுதான் முதலில் கேட்டான். பெட்ரோல் குழாய் விஷயத்தைச் சொன்னேன். "குழாயா? அத முடுக்குனதே நாந்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. கவுந்த பெறகு, எனக்கு நெனப்புத் தப்புறதுக்கு முந்தி, மச்சான் பெட்ரோல் டாங்க் மூடியத் தெறந்தாரு. புஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சு. மூடியப் பார்த்து அழுதாருக்கா."

பூஜையன்று நான் பொட்டு வைத்த மூடி அது. அந்த மூடியின் நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை. பொட்டு வைக்கவென்றே விட்ட இடம் போல இருந்தது. சந்தனத்தை அழுத்தி அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். அது வழியாகக் காற்று போனால்தான் பெட்ரோல் இறங்கும் என்று எனக்கு யார் சொன்னது?

அதோடு விட்டானா? "மேல போறதுக்கு முந்தி மச்சான் தொடைக்கத்தேன் போனாரு. 'உங்கக்கா வச்ச பொட்டுடா மாப்ள, நான் எப்புடி அழிக்க? காத்துல காஞ்சு உதுந்துரும்'னு கையை எடுத்துட்டாரு."

நான் அலறிய அலறலில் நர்ஸ் ஓடி வந்தார். அதை அழித்தால் என் பொட்டுக்கு ஆகாது என்றா விட்டீர்கள்? அழித்துத் தொலைத்திருக்கக் கூடாதா? என் தம்பி நடந்திருப்பானே!

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அவரே கைப்பட எழுதிட்டாரும்மா, இனி கோர்ட்டுல சொல்லு" என்கிறார்கள். சொல்லத்தான் போகிறேன். சொன்னால் இந்த வாசல் மிதிக்காதே என்றார் அப்பா. நம் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

உங்களை மன்னித்தேனா என்று தெரியவில்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் வாய் வரவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்றேன். குங்குமச் சிமிழைத் திறந்தேன், விரல் போகவில்லை. வெறும் நெற்றியோடுதான் இருக்கிறேன். தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நீங்கள் வந்து வைத்துவிடுங்கள்.

முனீஸ்