மூடியில் நான்கு ஓட்டை

மச்சானுக்கு,

எந்த முகத்தோடு நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் இறகு கட்டி நாம் செய்வோமே பொய் ஈக்கள், அவற்றுக்குப் பெட்டி செய்தேன். மிட்டாய் டப்பாவுக்குள் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினேன், அவ்வளவுதான். முள் கச்சிதமாகக் குத்தி நிற்கிறது.

உன் அக்கா எட்டிப் பார்த்தாள். "மூடியில நாலு ஓட்டை போடுங்க. ஈரத்தோட வச்சாலும் காஞ்சிடும்ல?"

ஆணியால் போட்டேன். இரண்டு நிமிடம் ஆனது.

நீ ஈரத்தோடு மூடிவைத்து என் முட்கள் துருப்பிடித்ததற்காக நான் உன்னோடு பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது.

செருப்பு ஜோடி என்பதால் பெட்டியும் இரண்டாகிவிட்டது. ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். ஈரத்தோடே மூடு.

உன் அக்கா வீட்டுக்காரன்