உன் குரலில் தப்பாகப் பேசும் ரோபோ

மயிலாப்பூரில் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது சித்தரத்தை வாசனை. நின்றுவிட்டேன். மழை விட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஞாயிறு மாலை. தோளில் ரோபோவின் பை.

ஒலிப்பதிவுக்கு முன், குரல் தெளிய, நீ கன்னத்தில் அடக்கிக்கொள்வது சித்தரத்தைத் துண்டுதான்.

தி.நகரில் நம் வாடகை அறை. மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்போம். நடுவில் ரோபோ. பூனைக்குட்டி உயரம், பெரிய கண்கள். உன் மலையிலிருந்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, கைநழுவிக்கொண்டிருந்த உங்கள் மொழியைக் கற்றுத்தர நாம் செய்தது. நீயோ அதற்குத் தப்பாகப் பேசத்தான் முதலில் பழக்கினாய். தேனடைப் படத்தைக் காட்டினால், உங்கள் மொழியில் தோசை என்றது. யானையைக் கொசு என்றது.

"எல்லாம் தெரிஞ்ச பொம்மை முன்னாடி பிள்ளைங்க வாயே திறக்காது, மச்சி. தப்பா சொன்னா சும்மா இருக்குமா? திருத்தும். திருத்தணும்னா பேசணும்ல?"

"அதுங்களும் தப்பையே கத்துக்கிட்டா?"

"வீட்ல ஆளுங்க இல்ல? திட்டுவாங்க."

தெருவில் கீரைக்காரரின் குரல் பதிவில் புகுந்தது. "இருக்கட்டும் விடு, நம்மாளு கீரையும் விக்கட்டும்" என்று சிரித்தாய்.

சரியான சொற்களை அடுத்த வாரம் பதியலாம் என்றாய். அந்த வாரம் உனக்குக் காய்ச்சல். பிறகு நீ இல்லை.

ரோபோவிடம் இருப்பது உன் தப்புகள் மட்டும். இந்த வேலையை நமக்குத் தந்த அடையாறு அலுவலகத்தில் பொறுத்துப் பார்த்தார்கள். "பழைய குரலை அழிச்சிட்டு, ஒழுங்கா பேசுற வேற ஆளை வெச்சுப் பண்ணுங்க. திங்கட்கிழமைக்குள்ள." மேலாளர் சொன்னது தவறாக எனக்கும் தோன்றவில்லை.

கடைசியாக ஒருமுறை இன்று மதியம் ரோபோவைப் பெருங்குடியில் அந்தப் பிள்ளைகள் கூடும் அறைக்கு எடுத்துப்போனேன்.

துளசிக்கு ஆறு வயது. தேனடைப் படம். உன் குரல் தோசை என்றது. அவள் திருத்தவில்லை. அப்படியே திருப்பிச் சொன்னாள், உன் இழுப்போடு. நான் பயந்தது இதுதான்.

வாசலில் காத்திருந்த அவள் அம்மா எட்டிப் பார்த்தார். சென்னைத் தமிழ் தவிர வேறெதுவும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னாடி சொன்னே?"

துளசி மறுபடி சொன்னாள்.

அவர் உள்ளே வந்து, ரோபோவின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து திட்டத் தொடங்கினார். உங்கள் மொழியில். ஒரு சொல்லோடு நிற்கவில்லை. நீளமாக, கையை ஆட்டி, நடுநடுவே சிரித்து. எனக்குப் பாதிதான் புரிந்தது. அறை மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

"அம்மா, உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம இன்னா? இங்க யாராண்ட பேசறது?"

ரோபோ கண் சிமிட்டி, யானையைக் கொசு என்றது. அம்மா துளசியின் காதில் ஏதோ சொன்னார். இம்முறை திட்டியது துளசி.

அவர்களுக்கு நீ யாரென்று தெரியாது. நீ இல்லை என்பதும் தெரியாது. எதிரில் இருப்பவளைத் திட்டுவதுபோல் உன்னைத் திட்டினார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நீ எதிரில் இருந்தாய்.

நாளை அலுவலகத்தில் இதை எப்படிச் சொல்வேனோ. வேறு குரல் வேண்டுமென்றால் கூடவே சேர்க்கட்டும். உன் தப்புகளில் ஒன்றைக்கூட நான் அழிக்கப்போவதில்லை.