என் இத்தாலி வண்டிக்குப் பின்னால் ஒரு சத்தம்

14-2-83 திங்கள்

காலையில் பனி. எதிர்வீட்டு முருங்கை தெரியவில்லை. குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றித் துடைத்தேன். ஒன்றில் குளவிக் கூடு. போன கல்யாணத்தில் மாப்பிள்ளை பேரைச் சொன்னபோது கொர்ரென்று வந்தது இதனால்தான். மாப்பிள்ளை வீட்டார் நான் குடித்திருந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். குளவிக்கு யார் சாட்சி சொல்வது.

வாங்க வேண்டியது: ஆம்ப்ளிபயருக்கு வால்வு. கறுப்பு டேப். வள்ளிக்கு முட்டித் தைலம்.

வால்வுக்காகப் பெரம்பலூர். என் வண்டி முதல் உதையில் எழவில்லை. பனி நாளில் எழாது. பிளக்கைத் துடைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி மறுபடி உதைத்தால் எழும். பெண்டாட்டிக்கும் அதே வைத்தியம்தான் என்று வள்ளியிடம் சொன்னேன். தைலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் வாங்கினேன்.

பெரம்பலூர் டீக்கடையில் புதிதாக வந்த வி.ஏ.ஓ. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிமெண்ட் ஆலைக்கு மெஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப் போனது என்றேன். புல்லட்டில் பாதி எஞ்சின்கூட இல்லையே, இதில் என்ன கண்டீர்கள் என்றார். எல்லோரும் கேட்பதுதான். டேங்கில் முழங்காலுக்குப் பள்ளம் வெட்டியிருப்பதைக் காட்டினேன். உட்கார்ந்தால் கால் தானாக அங்கே போய் ஒட்டும். வளைவில் லேசாகச் சாய்ந்தால் போதும், நாம் நினைப்பதற்குள் அது திரும்பியிருக்கும். புல்லட் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும் சார், இது கூட்டிக்கொண்டு போகும் என்றேன். அவர் டீயை முடித்துவிட்டு, மழையில் நின்றுவிடுமாமே என்றார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பக்கத்து பெஞ்சில் ஒருவர்: "ராசு இந்த வண்டியில வந்திருந்தா தப்பிச்சிருப்பாப்ல."

காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மச்சான் உயிரோடு இருந்த வரை அந்த வாதத்தை அவனிடம் செய்தவன் நான்தான். அவன் புல்லட் எனக்கு எருமை. எருமையை விற்றுவிட்டு வா, எருமையை விற்றுவிட்டு வா என்று. அவன் என் வண்டியைக் கொசு என்பான். இப்போது நான் ஜெயித்துவிட்ட மாதிரி ஊர் பேசுகிறது. யாருக்கு வேண்டும் இந்த ஜெயிப்பு.

திரும்பும்போது மறுபடி அந்தச் சத்தம். இரட்டை வளைவு தாண்டி நேர் ரோட்டில். வளைவில் நான் முந்துவேன், நேர் ரோட்டில் அவன் முந்துவான், அதுதான் எங்கள் கணக்கு. பின்னால் தட் தட் என்று புல்லட். திரும்பினால் வெறும் ரோடு. ஓரம் ஒதுங்கி வலப்பக்கம் வழி விட்டேன். போ மச்சான் என்று வாய்விட்டும் சொன்னேன். முந்தவே மாட்டேன் என்கிறான்.

வள்ளியிடம் சொல்வதில்லை. ராசு அவள் தம்பி.

15-2-83 செவ்வாய்

பனி இல்லை. முதுகு வலி.

வெள்ளிக்கிழமை ராசுவுக்கு முதல் திவசம். அஞ்சலை வரச் சொல்லியிருந்தாள். வாழை இலை, பூசணிக்காய் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று போனேன். மச்சான் பெண்டாட்டி என்றாலும் எனக்குத் தங்கை மாதிரி. பூசணி உன்னை மாதிரி கனமாகப் பார்த்து வாங்கட்டுமா என்றேன். சிரித்தாள். நல்லதாகப் போயிற்று, சிரித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகுதான் விஷயம். புல்லட் இன்னும் பெரம்பலூர் பட்டறையில் கிடக்கிறது. வளைந்ததை எல்லாம் நிமிர்த்தியாகிவிட்டது. எடுத்துவரத்தான் ஆள் இல்லை. ரத்தம் பார்த்த வண்டி என்று பங்காளிகள் ஒருவரும் தொடவில்லை. திவசத்தன்று வேட்டி, வெற்றிலைச் செல்லம், கண்ணாடி எல்லாம் படையலில் வைக்கிறோம், வண்டி மட்டும் ஏன் எங்கேயோ கிடக்க வேண்டும் என்கிறாள். லாரியில் ஏற்றி வரலாமே என்றேன்.

"அவர ஒருக்கா பொணமா கொண்டாந்தது போதும்ண்ணே. வண்டியாச்சும் ஓடி வரட்டும். நீங்க ஓட்டிட்டு வாங்க."

சரி என்று சொல்லிவிட்டேன்.

வரும் வழியில்தான் ராசு விழுந்த இடம். பேரளி தாண்டி. போன மாசியில் அங்கே ரோட்டில் கொள்ளுச் செடி காயப் போட்டிருந்தார்கள். பஸ், லாரி ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று இந்தப் பக்கம் எல்லோரும் போடுவதுதான். நாங்களும் போட்டிருக்கிறோம். மணி உதிர்ந்து தார் மேல் குண்டு குண்டாக உருளும். வேகத்தில் வந்த புல்லட் அதில் பிரேக் பிடித்திருக்கிறது. அன்றைக்கு நான் விக்கிரமங்கலத்தில் காதுகுத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தேன். யார் வீட்டுக் கொள்ளு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய.

16-2-83 புதன்

வள்ளிக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து பாத்திரச் சத்தம்.

சமாதானம் செய்யப் பார்த்தேன். எருமை மேல் எமன்தான் வருவான், என்னைப் பார்த்தால் எமன் மாதிரியா இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு தம்பிய அது தின்னுடுச்சு. நீங்க அது மேல ஏறுனா திரும்பி இந்த வூட்டுப் படி ஏறாதீங்க."

சாப்பாடு போட்டாள். பக்கத்தில் உட்காரவில்லை.

மதியம் பட்டறை காதர் பாயைப் பார்க்கப் போனேன். வண்டி சாக்குப் படுதாவுக்கு அடியில். பாய் படுதாவை எடுத்துவிட்டு விலகி நின்றுகொண்டார். புது ஹேண்டில்பார், புது ஹெட்லைட். டேங்கில் சிராய்ப்பு மட்டும் அப்படியே. பெயிண்ட் அடிக்கவில்லையா என்றேன். அஞ்சலைதான் வேண்டாம் என்றாளாம். சைலன்ஸரை மாற்றவா என்று பாய் கேட்டார். ராசு அதற்குள் இருந்த தகட்டை உருவிவிட்டவன். இந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு சத்தம் அது ஒன்றுதான். பேரளியில் வரும்போதே எங்களுக்கு இங்கே கேட்கும் என்று அஞ்சலை பெருமையடிப்பாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"நாளைக்கு வெயில்லயே கிளம்பிடுங்க மைக்செட்டு. நான் துவா பண்ணிக்கிறேன்" என்றார் பாய்.

வரும்போது என் வண்டியில் பெட்ரோல் குழாய் ஒழுகல். டேப் சுற்றினேன். இதற்குச் சாமான் கிடைக்காமல் எத்தனை இடம் அலைந்திருக்கிறேன். ஆனாலும் ஒரு நாளும் விற்கத் தோன்றியதில்லை. ராசுவுக்கும் அவன் வண்டி அப்படித்தானே இருந்திருக்கும். அவனிடம் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. கிண்டல் பண்ணவே நேரம் சரியாக இருந்தது.

சாயங்காலம் அஞ்சலை வந்து வள்ளியோடு அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தாள். வெகு நேரம். என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு பேர் கண்ணும் சிவப்பு. வள்ளி என்னிடம்: "வந்து சேருங்க. அது போதும்."

17-2-83 வியாழன்

நல்ல வெயில். பஸ்ஸில் பெரம்பலூர். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. ஒரே உதையில் எழுந்துவிட்டது. என் வண்டிக்கு இந்தப் புத்தி கிடையாது.

நியாயமாக எழுத வேண்டும். நல்ல வண்டி. வளைவில் பிடிவாதம், உடம்பைப் போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. என் வண்டி இதற்குள் திரும்பிச் சிரித்திருக்கும். ஆனால் நேர் ரோட்டில் கையைத் திருகினால் கிணற்றுக்குள்ளிருந்து மாடு கவலைச் சால் இழுக்கிற மாதிரி இழுக்கிறது. நெஞ்செலும்பு வரை அதிர்கிறது. இதற்காகத்தான் மச்சான் இதன் மேல் அப்படிக் கிடந்தான்.

இரட்டை வளைவு தாண்டிக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும். அந்தச் சத்தம் இப்போது எனக்கு அடியில்.

பேரளி தாண்டியதும் தூரத்தில் ரோடு முழுக்கக் கொள்ளு. ரோடே மண் நிறம். வேகத்தைக் குறைத்தேன். அப்போது கொல்லையிலிருந்து ஒரு பொம்பளை ஓடி வந்தாள். கையில் விளக்குமாறு. குனிந்து பரபரவென்று நடு ரோட்டைக் கூட்டிக்கொண்டே போனாள். நான் வந்து சேர்வதற்குள் வண்டி போகிற அகலத்துக்குக் கறுப்பாகத் தார். ஒரு மணிகூட இல்லை.

அவள் ஓரத்தில் இறங்கிக் கொல்லையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முக்காடு. என் வயதுக்கு மேலே இருக்கும். மெதுவாகத்தானே வருகிறேன், எதற்கு இத்தனை ஓட்டம் என்று கேட்கலாம் என்று பக்கத்தில் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. அப்படியே கும்பிட்டாள்.

"சத்தம் தெரியுது சாமி. அன்னிக்கிப் போட்டது நாந்தான். இப்ப எல்லா வண்டிக்கும் கூட்டித்தான் வுடறேன். எம் புள்ளைங்கள ஒண்ணும் பண்ணிடாத. வழி சுத்தமா இருக்கு. நீ போயிடு."

நான் ராசு இல்லை, அவன் மாமன், மைக்செட்காரன், இங்கே பார் என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் திரும்பிப் பார்ப்பாள். அசடு வழிவாள், அழுவாள். அப்புறம் அடுத்த மாசியிலும் இதே மாதிரி ஓடி வருவாள். நான் யார் அவளை மன்னித்தேன் என்று சொல்ல. அவன் சொன்னால்தான் உண்டு.

குரலைத் தாழ்த்தினேன்.

"கோவம் ஒண்ணுமில்ல ஆத்தா. போறேன்."

போயிட்டு வரேன் என்றுதான் வாயில் வரும். கடைக்குப் போனாலும் அப்படித்தான் சொல்கிறோம். போறேன் என்று வாசலில் சொன்னால் வள்ளி வாயிலேயே போடுவாள். தெரிந்துதான் சொன்னேன்.

கியர் போட்டேன். கொஞ்சம் தள்ளிக் கண்ணாடியில் பார்த்தால், விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கூட்டிய தார் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி அஞ்சலை வாசலில் நிற்கிறது. மாலை போட்டிருக்கிறாள். வள்ளி அதன் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வழியில் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்தரையும் இல்லை என்றேன்.

அவனுக்காக நானே போறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவனைக் கேட்கவில்லை.