நாலு சும்மாடு உயரம்

மக்கா,

இன்று காலை சிமெண்டு லோடு இறக்கப் போனபோது என் சும்மாடு மழையில் நனைந்து கிடந்தது. ஷெட் ஆணியில் தொங்கிய உன்னுடையதை எடுத்துத் தலையில் வைத்தேன். துவர்த்துத் துண்டைச் சுருட்டி நீ கட்டிய கட்டு இன்னும் அவிழவில்லை. உன் தைல மணமும் போகவில்லை. அந்த மணம் வந்தால் நீ வருகிறாய் என்று உதியன்குளங்கரை முக்குக்கே தெரியும். அதற்கு முன்னாலேயே உன் வயிறு வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பார், இன்னும் கேலிதான். உன்னை லாரியிலிருந்து இறக்கக் கிரேன் விளிக்கணும் என்று நான் சொல்லாத நாள் கிடையாது. நீயும் விடமாட்டாய். "எலே, ஒனக்க எலும்பு முழுக்க வாரிப் போட்டாலும் ஒரு சாக்கு நெறையாது" என்பாய்.

ஒரு நாள் மட்டும் பதில் சொல்ல உனக்கு மூச்சு வரவில்லை. மூன்று நாள் சளிக்காய்ச்சலோடு வேலைக்கு வந்தவன், மத்தியானம் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தாய். உதடு கறுத்துவிட்டது. நாங்கள் நாலு பேர் உன்னைத் தூக்கி டெம்போவில் ஏற்றினோம். ஏற்றுவதுதானே நமக்குத் தெரிந்த வேலை. சரக்கென்றால் படுக்கப் போடணும், நிமிர்த்தி வைத்தால் வளைவில் சாயும். உன்னையும் அப்படியே மல்லாக்கக் கிடத்தினோம். நீ கையை ஊன்றி எழும்பப் பார்த்தாய். நான்தான் தோளில் கை வைத்து அமுக்கினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாய். பயத்தில் பிடிக்கிறாய் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.

இவரை யார் மல்லாக்கப் போட்டது என்றுதான் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா முதலில் கேட்டார். தடித்த உடம்பு மல்லாந்தால் வயிறு மேலேறி நெஞ்சை நெருக்குமாம், கழுத்துச் சதை சரிந்து மூச்சு வழியை அடைக்குமாம். உடனே உன்னை நிமிர்த்திச் சாய்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். அதுவும் போதாமல் தொண்டைக்குள் குழாய் போட வேண்டிவந்தது. மயக்கிவிட்டால் இந்த உடம்பில் காற்று சீக்கிரம் தீர்ந்துபோகும், முதல் தடவையிலேயே குழாய் ஏறணும் என்று நர்சிடம் சொன்னார். அதற்குக் காதும் கழுத்தடிக் குழியும் ஒரே மட்டத்தில் வரணுமாம். தலையணை வைத்தார்கள், போர்வையை மடித்து வைத்தார்கள். மட்டம் வரவில்லை. டாக்டரம்மா நிமிர்ந்து, கட்டிலருகே நின்ற என் தலையைப் பார்த்தார்.

"சேட்டா, தலையில உள்ளத இங்க தரணும்."

நாலு பேருடைய சும்மாடும் உன் தோளுக்கும் தலைக்கும் அடியில் போனது. நான் வெளியே வந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் உன் தோளின் சூடு அப்படியே இருந்தது. நர்சு எட்டிப் பார்த்து, குழாய் ஏறியாச்சு என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குழாயை எடுத்த மறுநாள் உன் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது. அமுக்கியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"நான் மனுசனாக்கும், சாக்கில்ல. இனி ஒருத்தனையும் அமுக்காத, கேட்டியா?"

பிறகு என் கையை இழுத்து அதே தோளில் வைத்தாய். "இப்ப அமுக்கு. நோவுது."

அதற்கப்புறம் இரண்டு ஓணம் சேர்ந்து உண்டோம். போன மழைக்காலத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே நெஞ்சு நின்று போனாய். உன்னைத் தூக்க எட்டுப் பேர் வேண்டிவந்தது. கிரேன் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. திருப்பிச் சொல்ல நீ இல்லையே என்று விழுங்கிவிட்டேன்.

போன வாரம் பலசரக்குக் கடை அக்கா வாசலில் மூச்சு முட்டிச் சரிந்தாள். கிட்டத்தட்ட உன் கனம். படுக்கப் போடு, படுக்கப் போடு என்றார்கள் சுற்றி நின்றவர்கள். நானும் குனிந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவள் பின்னால் உட்கார்ந்து, அந்தக் கனம் முழுவதையும் என் நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.