எட்டாம் ஸ்தலத்தில் அப்பா விழுந்தது

மரியே வாழ்க
திண்டிவனம், 22.4.2012

அன்பு மகன் ஆண்டோவுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நான் நலம், உன் தங்கை வெனிலா நலம், அப்பாவும் இப்போது நலம்தான், அது என்ன இப்போது என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கத்தாரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் பேச ஆரம்பித்ததும் அப்பா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் ரூம் நண்பன் லூர்து பிரகாஷிடம் எழுதிக் கொடுக்கிறேன். மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது, கடலை பரவாயில்லை. வெனிலா பரீட்சை எழுதிவிட்டுச் சாப்பிடுவதும் தூங்குவதுமாக இருக்கிறாள்.

பெரிய வெள்ளியன்று வழக்கம்போல நம் கரட்டுக் குன்றின்மேல் பதினான்கு ஸ்தலத்திலும் நின்று செபித்துச் சிலுவைப்பாதை நடந்தது. ஸ்தலத்துக்கு ஸ்தலம் ஆள் மாற்றித்தானே சிலுவையைச் சுமப்பார்கள், இந்த வருஷம் உன் அப்பா தோளைவிட்டு இறக்கவே இல்லை. முதல் நாள் ராத்திரியிலிருந்து பல்லில் தண்ணீர் படவில்லை, தலையில் துண்டும் போடவில்லை. உச்சி வெயில், பாறை செருப்பில்லாத காலைப் பொரிக்கிறது. மூன்று, ஏழு, ஒன்பது, இந்த மூன்று ஸ்தலத்தில்தான் சிலுவை சுமப்பவர் ஆண்டவரைப் போல விழ வேண்டும், உனக்குத் தெரியாததா. இவர் எட்டாம் ஸ்தலத்திலேயே தொப்பென்று விழுந்தார். விழுந்ததும் ஊரே மண்டியிட்டுவிட்டது! இன்னா பக்தியா வுழுறாரு பாரு என்று எனக்குப் பின்னால் ஒருத்தி மூக்கைச் சிந்துகிறாள். உபதேசியார் தேவசகாயம் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி ஒன்பதாம் ஸ்தலத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்தலம் தப்பி விழுகிற ஆளா உன் அப்பா? ஓடிப்போய்க் கழுத்தைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அந்த வெயிலில் எனக்கே புடவை நனைந்திருக்க, இவர் சட்டை மட்டும் எப்படிக் காய்ந்தது என்று அந்த நேரத்திலும் என் புத்தி அதைத்தான் கேட்டது. என்னைப் பார்த்து நீங்க யாரும்மா என்றார். ஆண்டோ, அப்போது என் உயிர் என்னிடம் இல்லை.

நான் போட்ட கூச்சலில்தான் எல்லோரும் எழுந்தார்கள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு கீழே வேப்பமர நிழலுக்கு வந்தார்கள். அங்கே செபம் முடிந்து பானகம் கரைக்க டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தார்கள், சட்டையைக் கழற்றி அத்தனையையும் அவர் மேலேயே ஊற்றினேன். அம்மாடி, அது பானகத்துத் தண்ணி, வந்த ஜனத்துக்கு இன்னா குடுக்கறது என்று உபதேசியார் பேஜாராகிவிட்டார், நான் காதிலேயே வாங்கவில்லை. வெனிலா முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தாள். பிறகு ஆம்புலன்ஸ் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்னப்பெண் டாக்டர், தங்கமான பொண்ணு. வியர்வை ஏன் நின்றது, நின்றால் சூடு எங்கே போகும், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிறீர்களே, ஏன் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். உடம்பைக் குளிர வைக்கிறதே வேர்வைதாம்மா, வெயில்ல வேலை செய்யறவங்க தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, வாய்க்குள்ள ஊத்தினா மூச்சுக்குழாய்க்குப் போய்டும், நீங்க மேல ஊத்தினதுதான் அவரைக் காப்பாத்துச்சு என்றாள். மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால் உடனே தண்ணீர் குடிக்க வேண்டுமாம். நீயும் பார்த்துக்கொள், இதில் என்ன வெட்கம்.

அவருக்கு நினைவு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, ஆண்டோவுக்குப் போன் போட்டுடாத. வீட்டுக்கு வந்த பிறகுதான் பிடித்து உலுக்கினேன், ஏன்யா இப்படிச் செய்தாய், நேர்த்திக்கடனா என்று. இல்லை என்று தலையாட்டினார். பிறகு, ஒவ்வொரு வாட்டியும் போன்ல அவன்கிட்ட வெயில் எப்டிடாங்கறேன், ஒண்ணும் இல்லப்பா, பழகிடுச்சுங்கறான், கம்பி கட்டற புள்ளைக்கு அது எப்டி பழகும், அவன் படறது எவ்ளோன்னு நானும் பாக்கலாம்னுதான் இறக்காம சுமந்துக்கினு போனேன் என்றார். எனக்குத் திட்டவும் வரவில்லை, அழத்தான் வந்தது.

அதனால் கேட்கிறேன், மறைக்காமல் சொல். அங்கே கம்பியைக் கையால் தொட முடிகிறதா, கையுறை தருகிறார்களா? மத்தியானம் வேலையை நிறுத்துகிறார்களா, உட்கார நிழல் இருக்கிறதா, ஹெல்மெட்டுக்குள் ஈரத்துணி வைத்துக்கொண்டால் திட்டுவார்களா? அங்கே காற்றாவது அடிக்குமா, அதுவும் சுடுமா? வேலை செய்யும்போது உனக்கு வியர்க்கிறதா? என்றைக்காவது வியர்வை நின்று தலை சுற்றினால், யார் என்ன சொன்னாலும் வேலையைப் போட்டுவிட்டு நிழலுக்கு வந்துவிடு, பக்கத்தில் இருப்பவனிடம் இன்றைக்கே இதைச் சொல்லி வை, உனக்கு அப்படி ஆகிவிட்டால் உனக்கே தெரியாது. அப்பா இப்போது உன் பழைய கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டு விடியலிலேயே கொல்லைக்குப் போய் நிலத்து வேலையை முடித்து வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார், ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

பிரகாஷிடம் எலுமிச்சை ஊறுகாயும் கேப்பை மாவும் கொடுத்திருக்கிறேன், மோரில் உப்புப் போட்டுக் கூழ் கரைத்துக் குடி. சகாய மாதா உன் தலைக்கு மேல் நிழலாக இருப்பாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அடுத்த ஞாயிறு அப்பா போனில் வெயில் எப்டிடா என்று கேட்பார். ஒண்ணும் இல்லப்பா என்று மட்டும் சொல்லாதே. உள்ளதைச் சொல். சொல்லாவிட்டால் மறுபடியும் அந்த வெயிலைத் தானே பார்த்துவிடக் கிளம்பிவிடுவார்.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
அம்மா அமல்ராணி சூசைமுத்து