கடைசிக் கண்ணி திருப்பிச் சொல்லாதது பற்றி

அனுப்புநர்:
திருமதி. ஞானரத்தினம் தேவதாஸ்,
முதல் கண்ணி, தொலைபேசி ஜெபச் சங்கிலி,
பெத்தானியா தமிழ்ச் சபை, மைசூர்.

பெறுநர்:
அருள்திரு. ஆயர் மற்றும் கமிட்டித் தலைவர் அவர்கள்,
பெத்தானியா தமிழ்ச் சபை, மைசூர்.

பொருள்: சபையின் இ-மெயில் குழுவில் கிறிஸ்தவ ஒழுங்கு மீறப்படுவது குறித்து.

கனம் ஐயா,

ஆண்டவரின் நாமத்தில் தோத்திரம் சொல்லி எழுதுவது:

1. ஜெபச் சங்கிலி தொடங்கிய நாள் முதல் நானே அதன் முதல் கண்ணி. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாலும் முதலில் என்னிடம் சொல்வார்கள். நான் அடுத்தவரை அழைத்துச் சொல்ல, அவர் அதற்கடுத்தவரை அழைப்பார். கடைசிக் கண்ணி, சரஸ்வதிபுரம் திருமதி. செல்லக்கனி. தம் காதுக்கு வந்ததை அவர் என்னை அழைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சாதாரணக் காய்ச்சல் வழியில் டைபாய்டாக மாறியிருந்தால் நான் அப்போதே திருத்துவேன். இதுவே விதி.

2. திருப்பிச் சொன்ன பிறகு நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசுவதுண்டு. அது அரைமணி நேரம் நீள்கிறதென்று சிலர் குறை கூறியது தங்கள் காதுக்கும் வந்திருக்கும். என் கணவர் காலமான பிறகு, மாலையில் மணி அடிக்கும் என்று ஆறு மணிக்குள் சமையலை முடித்துவிடுவது என் வழக்கம் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. சென்ற ஈஸ்டருக்குப் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த திருமதி. ஷர்மிளா, “கம்ப்யூட்டர்ல ஒரு தடவை ஒத்தினா போதும் ஆன்ட்டி, எல்லாருக்கும் ஒரே டைம்ல போய்டும்” என்று கூறி இ-மெயில் குழுவைத் தொடங்கினார். தாங்களும் பிரசங்க மேடையிலிருந்தே அவரைப் பாராட்டினீர்கள். இத்தனை வருடம் டயல் சுற்றிய என் விரலைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

4. அந்தக் குழுவின் ஒழுங்கு இது: ஜெப விண்ணப்பத்துக்குக் கீழேயே சர்தார்ஜி ஜோக். ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தங்காது’ என்று ஒரு மிரட்டல். ஒருவருக்கு மட்டும் எழுதிய பதில், கை தவறி எல்லோர் வீட்டுக்கும் போகிறது.

5. இவற்றைப் பொறுத்துக்கொண்டேன். சென்ற ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த இ-மெயில் நகலில், ‘சகோதரி செல்லக்கனிக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன், ஜெபியுங்கள்’ என்று இருந்தது. ஆபரேஷன் நடந்தது வலது கண்ணில். அந்தக் கண் மங்குவதாகச் செல்லக்கனி என்னிடம் போன வருடமே சொல்லியிருக்கிறார். துபாய் வரைக்கும் எல்லோரும் ஒரு வாரம் தவறான கண்ணுக்காக ஜெபித்திருக்கிறார்கள். கண் குணமாகி வருவது கர்த்தருடைய கிருபை. இ-மெயிலுக்கு அதில் பங்கில்லை.

6. செல்லக்கனி தாமே சொல்லித்தான் அனுப்பியதாகத் திருமதி. ஷர்மிளா கூறுகிறார். ஐயா, என் புகாரே அதுதான். அவர் கண்ணைப் பற்றி நான் பலகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

7. ஆபரேஷனுக்கு முன், தேவராஜ மொஹல்லாவில் காய்கறி வாங்கப் போனபோது, பிரவுசிங் சென்டர் வாசலில் இருவரையும் கண்டேன். என்னோடு ஆட்டோவில் வரவே பயப்படும் செல்லக்கனி, ஷர்மிளாவின் ஸ்கூட்டரிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார். பிறகு இருவரும் ஒரே பொட்டலத்தில் போண்டா சாப்பிட்டார்கள். நான் வாழைக்காய்க் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பொறாமை என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை என்று ஆயருக்கு எழுதும் கடிதத்தில் பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிகிறது.

8. அழைப்பு வராதபோது நானே செல்லக்கனியை அழைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். கடைசிக் கண்ணிதான் முதல் கண்ணியை அழைக்க வேண்டும். விதியை எழுதிய நானே மீறுவது முறையல்ல. என் இணைப்பில் கோளாறோ என்று லைன்மேன் மஞ்சுநாத்தை வரவழைத்துப் பார்த்தேன். அவர் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, “லைன் சரியா இருக்கு அம்மா, யாரும் கூப்பிடலை, அஷ்டே, அவ்வளவுதான்” என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

ஆகவே, இ-மெயில் குழுவில் ஜோக்குகளையும் மிரட்டல்களையும் தடை செய்யவும், ஒருவருடைய நோயைப் பற்றி எழுதினால் அதை அவரிடமே வாசித்துக் காட்டிய பிறகு அனுப்பவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். குழுவையே கலைக்கும்படி கேட்டுத்தான் இம்மனுவை எழுதத் தொடங்கினேன். அந்தக் கோரிக்கையை விட்டுவிடுகிறேன்.

ஆனால், கடைசிக் கண்ணி முதல் கண்ணியை அழைக்கும் விதி இன்னும் அமலில் உள்ளது என்று திருமதி. செல்லக்கனிக்குத் தாங்கள் நேரில் சொல்ல வேண்டும். கண்ணில் கட்டு இருப்பதால் அவருக்கு எண் தெரியாவிட்டால், திருமதி. ஷர்மிளா டயல் செய்து ரிசீவரை அவர் கையில் கொடுக்கட்டும். அதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

இடம்: மைசூர்
நாள்: 18.10.1999

தங்கள் சபையின் கீழ்ப்படிதலுள்ள அங்கத்தினர்,
(ஒப்பம்) ஞானரத்தினம் தேவதாஸ்